கல்லறையில் காத்திருந்த வரைபடங்கள்

போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சாவில் பழைய சந்தைச் சதுக்கம் ஒன்று உண்டு. அதனைச் சூழ்ந்து நிற்கும் வீடுகளைக் காண்போர், இவை முந்நூறு ஆண்டுகளாய் அசையாது நிற்பவை என்றே எண்ணுவர். ஆனால் அச்சதுக்கம் முறைப்படி மக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டது 1953ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாளில்தான். நம் பங்குகளில் கோலூன்றித் திருப்பலிக்கு வரும் பாட்டிமார் பலரைவிட அவ்வீடுகள் வயதில் இளையவை. யுனெஸ்கோ நிறுவனம் 1980இல் அந்நகரின் பழைய பகுதியை உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தபோது, அதன் பழமையைக் கருதிச் சேர்க்கவில்லை. நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கிற்கு மேல் அழிந்துபோன ஒரு நகரப்பகுதியை மக்கள் மீண்டும் எழுப்பிய அச்செயலையே மதித்துச் சேர்த்தது.

அழிந்ததை அவ்வாறே எழுப்ப வேண்டுமெனில், அது எவ்வாறு இருந்தது என்று அறிந்திருக்க வேண்டும். சாளரத்தின் அகலம் எத்தனை, கூரையின் சரிவு எவ்வளவு, வாயில் வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பவற்றை எவர் நினைவும் தாங்காது. தாங்கியது காகிதம். அக்காகிதத்தைக் காத்தோரின் வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

வார்சா தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக்கலைப் பிரிவில் 1922ஆம் ஆண்டு போலந்துக் கட்டடக்கலைக்கெனத் தனித்துறை ஒன்று தோன்றியது. அதனை அமைத்து நடத்தியவர் ஆஸ்கர் சொஸ்நோவ்ஸ்கி என்னும் பேராசிரியர். அவர்தம் மாணவர்கள் அளவு நாடாவும் வரைபலகையுமாக ஊர் ஊராகச் சென்றனர், பழைய ஆலயங்களையும் மாளிகைகளையும் எளிய மரவீடுகளையும் அங்குலம் விடாது அளந்து வரைந்தனர், நிழற்படமும் எடுத்தனர். தேர்வுக்காகச் செய்யப்பட்ட பயிற்சிதான். எனினும் பேராசிரியர் அவற்றைத் தூக்கி எறியாது அடுக்கி வைத்தார். போர் வரும், நகர் எரியும், இவ்வடுக்கு ஒன்றே ஒரு தலைநகரின் முகத்தைத் திருப்பித் தரும் என்று அன்று எவரும் நினைத்திருக்க இயலாது.

1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் வார்சாவை முற்றுகையிட்டன. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வேளையில் அத்துறையின் வரைபடங்களைக் காக்க முயன்ற சொஸ்நோவ்ஸ்கி, கல்லூரிக் கட்டடத்திலேயே காயமுற்றுச் சில நாளில் உயிர் நீத்தார். அதே மாதத்தில் அரச மாளிகையின் கலைச்செல்வங்களைக் காத்துக்கொண்டிருந்த காப்பாளர் காசிமிர் ப்ரோக்கலும் குண்டுக்கு இரையானார். போர்க்களத்தில் மாண்டவர்க்கு நினைவுத்தூண் எழுகிறது. ஏட்டுக் கட்டின் அருகே மாண்டவரைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர்.

சொஸ்நோவ்ஸ்கிக்குப்பின் பொறுப்பேற்றவர் யான் ஸாக்வாதோவிச். ஆக்கிரமிப்பு ஆட்சியில் போலந்து மக்களுக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டிருந்தது. ஆயினும் அவரும் தோழர்களும் மறைவாகக் கற்பித்தனர், மறைவாகவே அளந்தனர், மறைவாகவே வரைந்தனர். வார்சாவைச் சிறியதொரு ஜெர்மானிய நகராகச் சுருக்கிவிடும் திட்ட வரைபடங்கள் 1940இலேயே தீட்டப்பட்டிருந்தன என்பதை இங்கே கருத வேண்டும். ஒரு பக்கம் நகரை இல்லாததாக்கும் வரைபடம். மறுபக்கம் அதே நகரை உள்ளது உள்ளவாறு பதியும் வரைபடம். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே நகரைக் குறித்து, வரைபலகைமேல் வரையப்பட்டன.

1944 ஆகஸ்ட் முதல் நாள் வார்சா மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அறுபத்து மூன்று நாள் போராட்டம் தோல்வியில் முடிந்தது. ஏறத்தாழ 1,50,000 பொதுமக்கள், ஒருவேளை அதற்கும் மேற்பட்டோர், மாண்டனர். உயிர் தப்பியோர் நகரைவிட்டு விரட்டப்பட்டனர். பின்னர் ஆளில்லா நகரில் வீடு வீடாகத் தீ வைக்கும் வேலையும் வெடி வைக்கும் வேலையும் தொடங்கின. அரசின் பழைய ஆவணக் காப்பகம் செப்டம்பரிலேயே எரிந்து, அதன் ஏடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சாம்பலாயின.

அந்நிலையில் அருங்காட்சியகத் தலைவர் ஸ்தனிஸ்வாவ் லோரெண்ட்ஸ் என்பார் ஒரு வழி கண்டார். எஞ்சிய நூல்களையும் ஆவணங்களையும் கலைப்பொருள்களையும் வெளியேற்ற ஜெர்மானிய அதிகாரிகளிடமே அனுமதி பெற்றார். அருகிலுள்ள புருஷ்கூவ் என்னும் ஊரிலிருந்து நூலகர், ஆவணக் காப்பாளர், அருங்காட்சியகப் பணியாளர் ஆகியோர் அடங்கிய குழுக்கள், அக்குளிர்காலம் முழுதும் காவலரின் கண்காணிப்பில் எரியும் நகருக்குள் லாரிகளில் சென்று வந்தன. தங்கள் நிறுவனம், பிறர் நிறுவனம் என்ற வேற்றுமை அங்கே மறைந்தது. அமைதிக்காலத்தில் ஒரு காப்பகம் தன் ஏட்டை மற்றொன்றிற்குக் காட்டவும் தயங்குவதை நாம் கண்டிருக்கிறோம்; இங்கோ எவருடைய பெட்டி கைக்கு எட்டியதோ அது லாரியில் ஏறியது.

கட்டடக்கலைத் துறையின் அளவு வரைபடங்களும் அவ்வாறே ஸாக்வாதோவிச்சின் முயற்சியால் நகரைவிட்டு வெளியேறின. அவை சென்று சேர்ந்த இடம் பியோத்ர்கூவ் நகரின் பெர்னார்தீன் துறவியர் மடம். (பெயரைக் கண்டு இவர்களைப் புனித பெர்நார்துவின் சபையினர் என எண்ணவேண்டா. சியன்னா நகரப் புனித பெர்னார்தீனின் பெயரால் போலந்தில் வழங்கப்படும் பிரான்சிஸ்கன் துறவியரே இவர்கள்.) அம்மடத்தின் கல்லறை நிலவறையில், இறந்தோர் துயிலும் இடத்தில், ஒரு நகரின் உருவம் மறைத்து வைக்கப்பட்டது.

மக்கள் மடியும்போது காகிதத்துக்காக உயிரைப் பணயம் வைப்பது முறைதானா? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க என் மனம் இடந்தரவில்லை. ஒரு குழந்தைக்கும் ஒரு வரைபடத்திற்கும் இடையே தெரிந்தெடுக்க நேர்ந்தால், எந்தக் கிறிஸ்தவனும் ஒரு நொடியும் தயங்கலாகாது. ஆனால் அவர்கள் முன்னிருந்தது அத்தகைய தெரிவன்று. அழிப்பவர் விரும்பியது மனிதரைக் கொல்வதை மட்டுமன்று. இங்கே இப்படியொரு மக்கள் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றே இல்லாமற் செய்வதையும் அவர்கள் விரும்பினர். சான்றைக் காத்தவர்கள், இறந்தோர் பக்கம் நின்றனர் என்றே நான் கொள்கிறேன்.

1945 பிப்ரவரியில் தலைநகர மீட்டமைப்பு அலுவலகம் தோன்றியது. மடத்திலிருந்து வரைபடங்கள் திரும்பி வந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் அரசர் ஸ்தனிஸ்வாவ் ஆகஸ்டுக்காக பெலோத்தோ என்னும் இத்தாலியர் தீட்டிய நகர்க்காட்சி ஓவியங்களும் பெரிதும் துணை செய்தன. ஓவியங்களைப் பற்றியே பலரும் வியந்து பேசுவர். எனினும் ஓவியர் அழகுக்காகச் சிலவற்றை மாற்றிவிடுவார், பெலோத்தோவும் மாற்றியிருக்கிறார். பெயரறியா ஒரு மாணவன் நாடா பிடித்து அளந்த படமோ அழகுக்காக எதையும் மாற்றுவதில்லை.

ஆவணம் இருந்தும் அதனைப் பின்பற்றாத இடமும் உண்டு. வெடி வைத்துத் தகர்க்கப்பட்ட புனித திருமுழுக்கு யோவான் பேராலயம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கோத்திக் பாணியில் மாற்றியமைக்கப்பட்ட முகப்பைக் கொண்டிருந்தது. அதனை மீட்டுக் கட்டிய ஸாக்வாதோவிச் அம்முகப்பைத் திரும்பக் கட்டவில்லை. அதற்கு முந்திய இடைக்காலத்தில் இவ்வாறு இருந்திருக்கலாம் என்று தாம் கருதிய செங்கல் முகப்பையே எழுப்பினார். அது கம்பீரமானது, ஐயமில்லை. ஆயினும் மக்கள் தம் கண்ணால் கண்டு, முழந்தாளிட்டு மன்றாடிய ஆலய முகப்பு எதுவோ அது திரும்பவில்லை என்பதை நாம் சொல்லாமல் விடலாகாது.

இதனினும் கனமானது வேறொன்று. வார்சாவில் வாழ்ந்தவர் கத்தோலிக்கர் மட்டும் அல்லர். போருக்கு முன் அந்நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் யூதர். அவர்களது பெரிய தொழுகைக்கூடம் 1943 மே 16ஆம் நாள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அது மீண்டும் எழவில்லை. அவ்விடத்தில் இன்று நிற்பது 1991இல் முடிக்கப்பட்ட உயர்ந்த கண்ணாடிக் கட்டடம். யூதர் அடைக்கப்பட்ட முரானூவ் பகுதியில் பழைய தெருக்கள் எழவில்லை. இடிபாட்டின் மேலே, இடிபாட்டையே கல்லாக்கி, புதிய குடியிருப்புகள் எழுந்தன. கட்டியவர்க்குக் காரணங்கள் இருந்தன; வீடற்றோர் இலட்சக்கணக்கில் இருந்தனர். ஆயினும் எதை மீட்பது என்று தீர்மானிப்போர் எதை மறப்பது என்றும் தீர்மானிக்கின்றனர். வீடு இருந்தால் போதுமா, அதில் வாழத் திரும்பி வருவோரும் வேண்டாமோ? அங்கே திரும்பி வர எவரும் இல்லை.

அவர்களும் தம் ஆவணங்களைக் காத்தனர். இம்மானுவேல் ரிங்கல்பிளம் என்னும் வரலாற்றறிஞர் தலைமையில் ஒரு குழுவினர் அவ்வடைப்புக்குள் நடந்த யாவற்றையும் எழுதித் தொகுத்து, உலோகப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் இட்டு மண்ணில் புதைத்தனர். ஒரு பகுதி 1946இலும் மற்றொன்று 1950இலும் கண்டெடுக்கப்பட்டன. எழுதியவருள் போருக்குப்பின் எஞ்சியோர் மூவரே. இத்தொகுப்பு 1999இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. மீட்டமைப்பு அலுவலகத்தின் ஆவணங்கள் அதே பதிவேட்டில் 2011இல் சேர்ந்தன. ஒரே நகரின் இருவேறு ஏடுகள் இவ்வாறு ஒரே பட்டியலில் அமைந்தன.

அரச மாளிகையோ நெடுங்காலம் காத்திருந்தது. 1944இல் அது தகர்க்கப்படுமுன்பே அதன் தூண்களிலும் சுவர்களிலும் கதவுகளிலும் இருந்து எடுக்கக்கூடிய துண்டுகளை லோரெண்ட்ஸின் குழுவினர் எடுத்து மறைத்திருந்தனர். புதிய ஆட்சியாளர் அதனைக் கட்ட மனமின்றித் தள்ளிப்போட்டனர். 1971இல்தான் இசைவு கிடைத்தது. மக்கள் தந்த நன்கொடையால் எழுந்து 1984இல் திறக்கப்பட்டது. காப்பாற்றிய துண்டுகளைப் புதுச் சுவரில் அவை முன்பிருந்த இடம் பார்த்துப் பதித்திருக்கின்றனர். வேலையைத் தொடங்கியபோது நாற்பது வயதில் இருந்த லோரெண்ட்ஸ் அதைக் காண எண்பத்தைந்து வயது வரை காத்திருந்தார்.

ஸாக்வாதோவிச் 1983இல் மறைந்தார். போர்க்காலத்தில் பண்பாட்டுச் செல்வங்களைக் காப்பதற்கென 1954இல் ஹேக் நகரில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. ஆலயங்களின் மீதும் காப்பகங்களின் மீதும் நூலகங்களின் மீதும் பொறிக்கத்தக்க அடையாளமாக, நீலமும் வெண்மையும் கலந்த கேடயம் ஒன்றை அது ஏற்றது. அக்கேடயத்தை வரைந்தவரும் அவரே.