பாங்கொலியும் பதினெட்டு ஆண்டுகளும்

வைகறையில் ஒன்று, உச்சி திரும்பிய பின் ஒன்று, பிற்பகற் சாய்வில் ஒன்று, கதிரவன் மறைந்ததும் ஒன்று, இருள் சூழ்ந்த பின் ஒன்று என, நாளொன்றுக்கு ஐந்து முறை தொழுதல் இஸ்லாத்தின் நெறி. நேரத்தை வகுப்பது கதிரவன். நேரம் வந்ததென அறிவிப்பது மனிதக் குரல். அக்குரலைத்தான் தமிழ் முஸ்லிம்கள் பாங்கு என்கின்றனர்.

மதீனாவில், மக்களைத் தொழுகைக்கு அழைப்பது எவ்வாறு என்ற பேச்சு எழுந்தபோது, கொம்பு ஊதலாம் என்றனர் சிலர். மணி அடிக்கலாம் என்றனர் வேறு சிலர். கொம்பும் வேண்டா, மணியும் வேண்டா, மனிதனின் வாய்மொழியே போதும் என்று முடிவாயிற்று. எந்த மனிதன்? குறைஷிக் குலத்துப் பெருமகனா? அல்லன்! அபிசீனிய வழிவந்த கறுப்பர். மக்கத்துச் செல்வன் உமையாவின் அடிமையாய்ச் சுடுமணலிற் கிடத்தப்பட்டு, நெஞ்சின்மீது பாறை ஏற்றப்பட்டு வதைபட்டவர். அபூபக்கர் விலை கொடுத்து விடுவித்த பிலால்! நல்ல குரல் உடையவர் என்பதே அவருக்கிருந்த தகுதி. 630ஆம் ஆண்டு மக்கா நபிகள் நாயகத்தின் வயமானபோது, கஅபாவின் மேலேறி முழங்கியதும் அவர்தாம். கீழே நின்ற கோமான்களில் முகஞ்சுளித்தோரும் உண்டு என்று மரபு கூறும். சுளிக்காமல் என்ன செய்வர்!

பிலால் முழங்கியது அரபு மொழி. கேட்டவர் மொழியும் அதுவே. பின்னர்ப் பாரசீகரும் துருக்கியரும் இஸ்லாத்தைத் தழுவினர். வீட்டில் ஒரு மொழி, மினாரில் வேறு மொழி என்றாயிற்று. 8ஆம் நூற்றாண்டிலேயே இமாம் அபூஹனீபா, பாரசீக மொழியில் ஓதித் தொழலாம் என்றார். அவருடைய மாணாக்கரோ, அரபு ஓத இயலாதார்க்கு மட்டுமே அது பொருந்தும் என வரம்பு கட்டினர். அத்துடன் அக்கருத்து ஏட்டில் உறங்கிற்று.

அதை எழுப்பியது இருபதாம் நூற்றாண்டுத் துருக்கி. 1924இல் கலீபா பதவி ஒழிந்தது. 1925இல் குல்லாய் போய்த் தொப்பி வந்தது. 1926இல் கடிகாரமே மாறிற்று. அந்தி சாய்ந்ததும் பன்னிரண்டு என எண்ணிய பழங்கணக்கு நீங்கி, நள்ளிரவில் நாள் தொடங்கும் கணக்கு வந்தது. 1928இல் அரபு எழுத்து அகன்று இலத்தீன் எழுத்து ஏறிற்று. 1932 சனவரித் திங்களின் இறுதியில், இஸ்தான்புல் நகரின் பாத்திஹ் பள்ளிவாசலில் துருக்கி மொழியில் பாங்கு ஒலித்தது. ‘அல்லாஹ்’ என்ற சொல்லுக்கு மாற்றாகத் ‘தான்ரி’ என்னும் பழந்துருக்கிச் சொல் மினாரில் ஏறிற்று. வெற்றியையும் ஈடேற்றத்தையும் குறிக்கும் ‘பலாஹ்’ என்ற அரபுச் சொல்லை மட்டும் பெயர்க்காமல் அப்படியே விட்டுவிட்டனர்!

மொழிப்பற்றுடைய நாம் இவ்வரலாற்றை முதன்முதல் படித்தபோது மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்? மக்கள் மொழி மினாரில் ஏறியதென்றால் மனம் துள்ளாதா? ஆனால், அடுத்த ஏடுகளைப் புரட்டப் புரட்ட மகிழ்ச்சி தளர்ந்தது. கேட்டுப் பெற்றதன்று அம்மாற்றம்; மேலிருந்து இறங்கியது. 1933 பிப்ரவரி முதல் நாள், புர்சா நகரின் பெரிய பள்ளிவாசலில் தொழுது வெளிவந்த கூட்டம், அரபுப் பாங்கு வேண்டுமென்று அரசு அலுவலகம் நோக்கி நடந்தது. பயணத்திலிருந்த கமால் பாட்சா புர்சாவுக்கே விரைந்தார். சிக்கல் மதத்தைப் பற்றியதன்று, மொழியைப் பற்றியது என்றார். பலர் சிறைப்பட்டனர்.

1938இல் கமால் மறைந்தார். ஆணை மறையவில்லை, முன்னிலும் இறுகியது. 1941இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, அரபு மொழியில் பாங்கு சொல்வோர்க்கு மூன்று திங்கள் வரை சிறை என்று விதித்தனர். எண்ணிப் பாருங்கள்! ஆண்டானை மீறி ஓரிறையின் பெயரைச் சொன்னதற்காகப் பிலாலுக்குப் பாறை; பிலாலின் சொற்களை அவர் மொழியிலேயே சொன்னதற்காகத் துருக்கி நாட்டு மோதினாருக்குச் சிறை! இதிலும் ஒரு விந்தை: வெளியே அழைத்தது துருக்கி மொழியில், உள்ளே சென்று தொழுததோ அரபு மொழியில்தான். பள்ளிவாசலின் உள்ளே ஆணை எட்டவில்லை போலும்.

நம் நாட்டு முஸ்லிம்களைப் பாருங்கள். இங்கும் பாங்கு அரபு மொழியில்தான். ஆனால் ஸலாத் தொழுகையாயிற்று, மஸ்ஜித் பள்ளிவாசலாயிற்று, ஸவ்மு நோன்பாயிற்று, ஈத் பெருநாளாயிற்று. எந்த அரசு ஆணையிட்டது? எந்தச் சிறை திறந்தது? வாழ்ந்த மக்கள் தம் நாவால் செய்துகொண்ட மாற்றம் அது. வகுப்பில் ஒருநாள் இச்சொற்களைக் கரும்பலகையில் எழுதியபோது, “இவை தமிழா, ஐயா?” என்று வியந்தவன் ஒரு முஸ்லிம் மாணவனே! அவ்வளவு இயல்பாய்க் கலந்துவிட்டன.

துருக்கியில் 1950 மே திங்களில் தேர்தல் நடந்தது. மெண்டரசின் மக்களாட்சிக் கட்சி வென்றது. சூன் 16ஆம் நாள், ரமலான் நோன்பு தொடங்கும் நாளையொட்டி, அரபுப் பாங்கின்மீதான தடையை நாடாளுமன்றம் நீக்கிற்று. சட்டம் கொணர்ந்த கட்சியே, எதிர்க்கட்சியாய் அமர்ந்த நிலையில், அதை எதிர்த்து நிற்கவில்லை.

அன்று நீங்கியது அரபுக்கு இருந்த தடை மட்டுமே. துருக்கி மொழிப் பாங்கை எவரும் தடுக்கவில்லை. விரும்பிய பள்ளிவாசல் அதையே தொடர்ந்திருக்கலாம். பதினெட்டு ஆண்டு பழகிய நாக்கு, பதினெட்டு ஆண்டு கேட்ட செவி! ஆயினும், நாடெங்கும் மினார்கள் அரபுக்கே திரும்பின.