எஸ்பிளனேடில் ஒரு தத்துவ வாத்தியார் – 6: தாம்பரத்துக்கு வந்த புத்தகம்

சென்ற வாரம் 1908-இல் நிறுத்தியிருந்தோம். திருத்தணியிலிருந்து வந்த இருபது வயது மாணவர், எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஓர் ஆய்வுரை எழுதிவிட்டுத் தவித்துக்கொண்டிருக்கிறார். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று மிஷனரிகள் பலர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம். இருக்கிறது என்று அவர் எழுதியதைப் படிக்கப்போகிறவரோ ஸ்காட்லாந்து மிஷனின் பேராசிரியர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக். கோபித்துக்கொள்வாரோ?

கோபமா? நற்சான்றே எழுதிக் கொடுத்துவிட்டார் ஹாக். தத்துவச் சிக்கலின் முக்கியப் பக்கங்கள் பையனுக்குப் பிடிபட்டிருக்கின்றன, சிடுக்கான வாதத்தையும் எளிதாகக் கையாள்கிறான், ஆங்கிலமும் சராசரிக்கு மேல் என்பது அதன் சாரம். கடைசிப் பாராட்டைப் படித்தால் இன்று சிரிப்பு வரும். அந்த மாணவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பின்னாளில் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர்.

இதைப் பெருந்தன்மை என்று சொல்லிக் கடந்துவிட மனம் வரவில்லை. எதிராளியின் வாதத்தை அதன் பலமான இடத்தில் சந்திப்பதுதான் ஹாக்கின் தொழில்முறை. எடின்பரோவில் படிக்கும்போதே அவருக்கு விசுவாசம் ஆட்டம் கண்டிருந்தது. 1903-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது குருப்பட்டமும் வாங்கியிருக்கவில்லை.

கல்லூரி அப்போது உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு அவர் எழுதியதும் ஒரு வழக்கைப் பற்றித்தான்: கர்மம். கல்லூரி இதழில் வந்த கட்டுரைகள் 1909-இல் ‘கர்மமும் மீட்பும்’ என்று ஆங்கிலப் புத்தகமாயின. வினை செய்தவனே, செய்த அளவுக்கே அனுபவிக்க வேண்டும் என்ற கோட்பாட்டின் கறாரான நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறார். அப்புறம்தான் பிடி போடுகிறார்: உலகம் வெறும் நீதிமன்றமா? அப்பன் குடித்தால் பிள்ளை பட்டினி கிடக்கிறதே (உதாரணம் என்னுடையது). கர்மக் கோட்பாடு அதைப் பிள்ளையின் முற்பிறவிக் கணக்கில் எழுதிவிடும். ஹாக்குக்கு அது போதவில்லை. ஒருவர் வினையை இன்னொருவர் சுமக்கும்படி உலகம் அமைந்திருப்பதால்தான் மீட்புக்கே இடமிருக்கிறது என்றார். சிலுவையை வெறும் தண்டனைப் பாக்கியாகப் பார்த்த கிறித்தவர்களுக்கும் இதில் ஒரு குட்டு உண்டு.

இந்தக் குட்டு 1913-க்குப் பிறகு ஃபார்குஹார் என்ற மிஷனரியின் பக்கம் திரும்பியது. இந்து சமயத்தின் தேடல்களெல்லாம் கிறிஸ்துவில் நிறைவேறுகின்றன, அவரே அதன் மகுடம் என்று அந்த ஆண்டு ஃபார்குஹார் எழுதிய புத்தகம் மிஷனரிகளிடையே பெரும்பேர் பெற்றது. ஹாக் தலையாட்டவில்லை. இந்து தேடாததை எடுத்துக்கொண்டுபோய், இதோ நீ தேடியது என்று நீட்டினால் எப்படி? இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதைக் காட்டினால்தான் பேச்சே தொடங்கும் என்றார்.

1928-இல் முதல்வரானார். 1937-இல் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டே அந்தப் புது வளாகத்துக்கு உலகமே வந்து இறங்கியது. அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு சீனாவின் ஹாங்சோவில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் படையெடுத்ததால் தாம்பரத்துக்கு மாறியது. 1938 டிசம்பர். பிரதிநிதிகளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது, மாநாட்டுக்கென்றே ஹென்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர் எழுதிய தடித்த புத்தகம்.

மற்ற மதங்களுக்கும் கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் நடுவே பாலமே கிடையாது. நிறைவேற்றம், மகுடம் எல்லாம் வீண்பேச்சு என்றார் கிரேமர். ஃபார்குஹாரை அத்தனை ஆண்டு மறுத்துவந்த ஹாக் இதைக் கைதட்டி வரவேற்றிருக்க வேண்டும், இல்லையா?

எதிர்த்தரப்பில் போய் நின்றார். முப்பத்தைந்து ஆண்டு இந்து மாணவர்களோடு பழகிய அந்த மனிதருக்கு, கிரேமரின் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரே ஒரு விஷயத்தைக் காணவில்லை.

(தொடரும்)