வீட்டுக் கணிப்பொறிக்கு ஒரு காவலன்

பொருள் சேர்ந்த இடத்தில் காவல் வேண்டும்; காவல் ஏற்பட்ட இடத்தில் காவலனைப் பற்றிய கவலையும் உடன்வரும். தமிழ்நாட்டு வரலாறு இதனை நன்கு அறியும். பாளையக்காரர் காலத்தில் நம் நாட்டில் ஊர்க்காவல் என்றோர் ஏற்பாடு இருந்தது. ஊரார் காவற்காரருக்கு வரி கொடுத்தனர். ஒரு வீட்டில் பொருள் களவு போனால், அதனை மீட்டுத் தருவதோ ஈடு கொடுப்பதோ காவற்காரரின் கடமை. ஏற்பாடு நல்லதே. ஆயினும், காவல்வரி கொடாத ஊரில் களவு மிகுகிறது என்ற குறையும் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினி ஆட்சி பாளையக்காரரின் காவல் உரிமைகளை ஒழித்தது.

சேலம் ரயில் சந்திப்பு அமைந்துள்ள சூரமங்கலத்தில் நான் வாழ்கிறேன். எங்கள் தெருவில் கல்லூரி மாணவி ஒருத்தியின் வீட்டில் புதிதாகக் கணிப்பொறி வாங்கினார்கள். தந்தையின் கடைக்கணக்கு, தம்பியின் பாடங்கள், மறைந்த பாட்டியின் நிழற்படங்கள் யாவும் அதனுள் குடிபுகுந்தன. “ஐயா, வைரஸ் வராமல் காக்க எந்த மென்பொருளை வாங்கலாம்?” என்று அவள் என்னைக் கேட்டாள். ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் பெயர்கள் மாறும். தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்தவருக்கே அவ்வறிவு என்றும் பயன்படும். அம்முறையை வரலாறு கற்பிக்கிறது. அவளுக்குக் கூறியவற்றையே ஈண்டும் கூறுகிறேன்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாப் தாமஸ் என்பவர், வலையமைப்பின் வழியே ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு ஊர்ந்து செல்லும் நிரலை எழுதினார். அதற்குக் ‘கிரீப்பர்’ என்று பெயர். அது தீங்கு கருதாத சோதனை. அதைத் தேடிச் சென்று அழிப்பதற்கென ரே டாம்லின்சன் ‘ரீப்பர்’ என்னும் நிரலை எழுதினார். மின்னஞ்சலை உருவாக்கியவரும் இவரே. இவ்வாறு நோயும் மருந்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தன.

நம் வீடுகளில் உள்ள வகைக் கணிப்பொறியைத் தாக்கிய முதல் வைரஸ், நமக்கு அண்மையிலேயே தோன்றியது. 1986இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் பாசித், அம்ஜத் என்னும் சகோதரர் இருவர் ‘பிரெய்ன்’ என்ற நிரலை எழுதினர். தாங்கள் செய்த மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதைக் கண்டறிவதே அவர்கள் நோக்கம். நிரலினுள் தங்கள் பெயரையும், முகவரியையும், தொலைபேசி எண்ணையும் எழுதிவைத்தார்கள். நெகிழ்தட்டுகளின் வழியே அது கடல் கடந்து பரவியது. திருடனைப் பிடிக்கப் போட்ட பூட்டே நோயாக மாறிய விந்தை இது! காவலுக்கும் களவுக்கும் இடையிலுள்ள எல்லை எவ்வளவு மெல்லியது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இதற்குச் சற்று முன்னரே, 1984இல், பிரெட் கோஹன் என்னும் ஆராய்ச்சியாளர் ஓர் உண்மையை நிறுவியிருந்தார். எல்லா வைரஸ்களையும் தவறின்றிக் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எழுதவே இயலாது என்பதே அது. மாணவர்கள் இதனை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ‘நூற்றுக்கு நூறு பாதுகாப்பு’ என்று விளம்பரம் செய்யும் எவரும், கணிதம் மறுத்த ஒன்றை விற்க முயல்கிறார்.

முழுமை இயலாதெனினும் முயற்சி நிற்கவில்லை. 1980களின் இறுதியில் மேலை நாடுகளில் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. இந்தியாவும் பின்தங்கவில்லை. 1990களில் சென்னையில் கே7 நிறுவனமும், புனேயில் கட்கர் சகோதரர்களின் குவிக் ஹீலும் இத்தொழிலில் வளர்ந்தன. அண்ணன் கைலாஷ் கட்கர் கணக்கிடும் கருவிகளைப் பழுதுபார்த்துத் தொழில் தொடங்கியவர். தம்பி சஞ்சய் நிரல் எழுதினார்.

இம்மென்பொருள் செய்யும் வேலை யாது? அறிந்த வைரஸ்களின் அடையாளங்களைக் கொண்ட பட்டியலோடு ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாதவற்றை அவற்றின் நடத்தையால் ஐயுறுகிறது. ஆகவே, பட்டியல் பழையதாயின் காவலன் கண்ணிருந்தும் காணாதவனாவான். நாள்தோறும் புதுப்பிக்கப்படாத மென்பொருள் புகழ்பெற்றதாயினும் பயனில்லை.

இக்காவலனுக்கு வீட்டின் எல்லா அறைகளின் சாவியையும் கொடுக்கிறோம் என்பதும் நினைவிருக்க வேண்டும். அவன் தவறினால் தவறு பெரிதாகும். 2010 ஏப்ரலில் மெக்காபி நிறுவனத்தின் புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பையே வைரஸ் என்று தவறாகக் கருதியது. கணிப்பொறிகள் பல செயலிழந்தன. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணியருக்கு நுழைவுச்சீட்டுகளைக் கையால் எழுதித் தரும் நிலை வந்தது. வேறொரு வகைத் தவறும் உண்டு. இலவச மென்பொருளால் பெயர்பெற்ற அவாஸ்ட் நிறுவனம், பயனர்கள் இணையத்தில் எங்கெங்கு சென்றனர் என்ற விவரங்களைத் தன் துணை நிறுவனத்தின் வழியே விற்றது. அதற்காக 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் அதன்மீது 165 லட்சம் டாலர் செலுத்தும் பொறுப்பைச் சுமத்தியது. காசு வாங்காத காவலன் கூலியை வேறெங்கே பெறுகிறான் என்று கேட்பது குற்றமன்று, கடமை.

‘உங்கள் கணிப்பொறியில் வைரஸ் உள்ளது, உடனே பணம் செலுத்துக’ என்று திரையில் தோன்றி அச்சுறுத்தும் போலி மென்பொருள்களும் உள்ளன. வரி கொடாத ஊரில் களவு மிகுந்த பழங்கதையின் புது வடிவமே இது. அச்சுறுத்தி வேலை கேட்பவனை வாயிலிலேயே நிறுத்துவது அறிவுடைமை.

இனித் தேர்வுக்கு வருவோம். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக, டிபெண்டர் என்னும் எதிர்ப்பு மென்பொருள் விண்டோஸுடனேயே வருகிறது. சாதாரண வீட்டுக்கு முதலில் அதனை முறையாக இயக்கிவைத்தலே போதிய தொடக்கம். வேறொன்றை வாங்க விரும்புவோர், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் போன்ற சோதனைக் கூடங்களின் முடிவுகளைப் பார்க்கலாம். எத்தனை வைரஸ்களைப் பிடித்தது என்பதோடு, நல்ல கோப்புகளில் எத்தனையைத் தவறாகப் பழித்தது என்பதையும், கணிப்பொறியின் வேகத்தை எவ்வளவு குறைத்தது என்பதையும் நோக்குக. முதலாண்டு விலையோடு புதுப்பிக்கும் ஆண்டின் விலையையும் கேட்டறிக. ஒரே நேரத்தில் இரண்டை இயக்காதீர். இரு காவலரும் ஒருவரையொருவர் கள்வரென்று பற்றிக்கொள்வர்.

இவை யாவற்றிலும் முதன்மையானது, கணிப்பொறியின் இயக்கமுறைமையைக் காலந்தவறாது புதுப்பித்தல். 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ என்னும் பணயநிரல் ஏறத்தாழ 150 நாடுகளைத் தாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அசட்டை, மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் கலங்கவைத்தது.

பணயநிரல் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். அப்போது எந்த மென்பொருளை வாங்கினோம் என்பது பழங்கதையாகிவிடும். எனவே முக்கியமான கோப்புகளின் படியொன்றைத் தனித் தட்டில் எடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றி வைத்தல் வேண்டும். எங்கள் சேலம், நாமக்கல் சமவெளியின் உழவர் களத்துக்குக் காவல் போட்டாலும் விதையைத் தனியே சேமித்து வைப்பர். காவலை நம்புவதும், காவல் தவறும் நாளுக்கு ஆயத்தமாயிருப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. இரண்டும் சேர்ந்ததே பாதுகாப்பு.