நானோ மருந்து புற்றுக்கட்டியைத் தேடிப் போகிறதா?

கீமோதெரபி ஏற்றிய சில வாரங்களில் முடி ஏன் கொட்டுகிறது? வாய் ஏன் புண்ணாகிறது? வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்வதே அந்த மருந்தின் வேலை. புற்றுநோய் செல்கள் அப்படிப் பெருகுபவை. முடியின் வேர், வாயின் உட்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்களும் அப்படித்தான். இரத்தத்தில் கலந்த மருந்துக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது.

டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்து இதற்கு ஓர் உதாரணம். பலவகைப் புற்றுநோய்களுக்கு அது கொடுக்கப்படுகிறது. ஆனால் உடலில் சேரும் மொத்த அளவு கூடக் கூட, இதயத் தசை பலவீனமாகும் ஆபத்தும் கூடுகிறது. எனவே ஒருவருக்கு வாழ்நாளில் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு மருத்துவர்கள் வரம்பு வைத்துள்ளனர்.

உறைக்குள் மருந்து

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்ததே நானோ துகள். ஒரு மீட்டரை 100 கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். மருந்து சுமக்கும் துகளோ சுமார் 100 நானோமீட்டர்தான்.

கொழுப்பாலான நுண்ணிய உறைக்கு லைப்போசோம் என்று பெயர். அதற்குள் டாக்ஸோரூபிசினை அடைத்து உருவாக்கிய 'டாக்சில்' மருந்துக்கு 1995-இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. 2005-இல் 'அப்ராக்சேன்' வந்தது. பாக்லிடாக்சல் மருந்து நீரில் கரையாது என்பதால், ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் கலந்து அதை ஏற்றி வந்தார்கள். அந்தக் கரைப்பான் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தந்தது. அப்ராக்சேனில் கரைப்பானுக்குப் பதிலாக, இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் மருந்தைச் சுமக்கிறது.

கட்டிக்குள் எப்படிச் சேர்கிறது?

அவசரமாக வளரும் கட்டி, தன் இரத்தக் குழாய்களையும் அவசரமாகவே அமைத்துக்கொள்கிறது. அவற்றின் சுவரில் இடைவெளிகள் இருக்கும். நலமான குழாய்களில் பெரும்பாலும் வெளியேற முடியாத துகள்கள், கட்டியில் இந்த இடைவெளி வழியே கசிந்து தங்குகின்றன. 1986-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மயேதாவும் இதை விளக்கினர்.

அப்படியானால் மருந்து கட்டியைத் தேடிப் போவதில்லை. கசிவுள்ள இடத்தில் தங்குகிறது, அவ்வளவே. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. பத்தாண்டு கால விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து டொராண்டோ பல்கலைக்கழகக் குழு 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏற்றிய துகள்களில் கட்டியைச் சேர்ந்தது இடைநிலை மதிப்பாக (மீடியன்) 0.7 சதவீதமே. புற்றுநோய் செல்லை அடையாளம் காணும் எதிர்ப்புரதத்தை உறையின் மேல் பொருத்திய 'எம்எம்-302' மருந்தின் ஆய்வும், எதிர்பார்த்த பலன் தெரியாததால் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது.

பிறகு என்ன நன்மை?

உடலின் மற்ற பாகங்களுக்கு ஏற்படும் சேதம் குறைகிறது. பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 509 பெண்களிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. நோயைக் கட்டுப்படுத்துவதில் உறையிட்ட மருந்தும் சாதாரண டாக்ஸோரூபிசினும் ஏறக்குறைய சமம். ஆனால் இதயப் பாதிப்பு தெளிவாகக் குறைந்தது. முடி உதிர்வு 66 சதவீதத்தினரிலிருந்து 20 சதவீதத்தினராகக் குறைந்தது. அதேநேரம் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரியும் பாதிப்பு 48 சதவீதத்தினருக்கு வந்தது. சாதாரண மருந்தில் அது 2 சதவீதமே.

இந்த மருந்து நம் நாட்டிலும் தயாராகிறது. 2012-இல் அமெரிக்காவில் டாக்சிலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இந்தியாவின் சன் பார்மா நிறுவனத்தின் 'லிப்போடாக்ஸ்' அங்கு இறக்குமதியானது.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

உறையிட்ட மருந்தும் சாதாரண மருந்தும் ஒன்றல்ல, அளவு வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுக்கக் கூடாது. சீட்டில் எது எழுதப்பட்டுள்ளது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதய எக்கோ பரிசோதனை எப்போது என்றும் கேளுங்கள். மருந்து ஏற்றிய நாட்களில் பாத்திரம் கழுவவும் ஒளூ செய்யவும் வெந்நீரைத் தவிர்ப்பது, இறுக்கமான செருப்பை விடுவது கை கால்களைக் காக்கும்.

"நானோ சிகிச்சை, பக்கவிளைவே இல்லை" என்று யாராவது சொன்னால், நகையை அடகு வைக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: மருந்தின் பெயர் என்ன, இந்த நோய்க்கு அது அனுமதிக்கப்பட்டதா? பதில் வரவில்லையென்றால், சிகிச்சையளிக்கும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.