கரை சொல்லும் சேதி

பட்டுச் சேலை எடுக்க வருபவரின் கண் முதலில் போவது கரைக்கு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாடா. இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழை பூட்டிக்கொள்ளும் கோர்வையில்தான் நெசவாளியின் கை தெரியும். வானத்தில் கருந்துளையை மனிதன் கண்டுகொண்டதும் இப்படிக் கரையைப் பார்த்துத்தான். அந்தக் கதையில் நம் நீலகிரிக்கும் ஒரு பங்கு உண்டு.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் இந்த மலரைப் புரட்டுகிற வாசகர் உதகைக்குப் போனால் முத்தோரை வரைக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு மெல்லிய எவர்சில்வர் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. மொத்தம் சுமார் 1,100 கம்பிகள். தெரு நீளத்துக்குப் பாவு விரித்துப் பார்த்த கண்ணுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் சில சென்டிமீட்டர் இடைவெளி; காற்று தாராளமாகப் புகுந்து போகும். ஆனால் அந்தக் கருவி வாங்கும் ரேடியோ அலையின் நீளமோ 92 சென்டிமீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு இந்தச் சல்லடை ஒரு முழுக் கண்ணாடிதான்.

வானத்தின் இரைச்சல்

ரேடியோ அலையும் ஒளியின் இனமே, அலைநீளம்தான் அதிகம். அது மேகத்தையும் விண்வெளித் தூசியையும் ஊடுருவி வரும், பகலிலும் கிடைக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளர், கடல் கடந்த தொலைபேசிப் பேச்சில் குறுக்கிடும் இரைச்சல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றில் ஒரு சீறல் மட்டும் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சத்துக்கு வந்தது. விண்மீன்கள் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரும் காலம் அது. அந்தச் சீறல் தனுசு ராசியின் பக்கம், நம் பால்வெளி மண்டலத்தின் நடுவிலிருந்து வருகிறது என்று 1933இல் அவர் அறிவித்தார்.

இரைச்சல் கேட்டது, உருவம் தெரியவில்லை. அலைநீளம் கூடக்கூடத் தொலைநோக்கியின் பார்வை மங்கும். அந்த மங்கலைப் போக்க அறிஞர்கள் பிடித்த உபாயம் நிலவு. நிலவு தன் பாதையில் ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது அலை சட்டென்று அறுந்தால் மூலம் சிறியது; மெல்ல மெல்லத் தேய்ந்தால் அகன்றது. நிலவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது கணக்கில் உள்ளதால், மூலத்தின் இடமும் துல்லியமாகக் கிடைத்துவிடும். 1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 3சி 273 என்ற மூலத்தை இப்படித்தான் அளந்தது. அந்த இடத்தில் விண்மீன் போலத் தெரிந்த புள்ளி 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பதை மறு ஆண்டே வானியலாளர் மார்ட்டின் ஷ்மிட் கண்டறிந்தார். குவேசார் என்ற வகை அப்போதுதான் பிடிபட்டது. ஒரு பெருங்கருந்துளைக்குள் விழுமுன் சுழன்று கொதிக்கும் வாயுவே குவேசாரின் வெளிச்சம் என்பது பின்னால் தெளிந்தது.

முத்தோரைச் சரிவு

இந்த உபாயத்துக்கென்றே ஒரு கருவி கட்ட வேண்டும் என்று நினைத்தவர் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963இல் நாடு திரும்பி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். நிலவை மணிக்கணக்கில் விடாமல் தொடர வேண்டுமே! பூமியின் அச்சுக்கு இணையாகத் தொலைநோக்கியைக் கிடத்திவிட்டால் ஒரே அச்சில் உருட்டிக்கொண்டே தொடரலாம். அதற்கு வடக்கு தெற்காக, அந்த இடத்தின் அட்சரேகை அளவுக்கே சாய்ந்த சரிவு வேண்டும். சாய்வு 11 பாகை, அட்சரேகையும் 11 பாகை என்று இரண்டும் ஒத்துவந்த இடம் முத்தோரை. 1970இல் வேலையைத் தொடங்கிய அந்தக் கருவி, ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தொடரவல்லது.

அந்தப் பத்தாண்டில் நிலவின் விளிம்பைக் கொண்டு சுமார் ஆயிரம் ரேடியோ மூலங்களை உதகைக் குழு அளந்தது. மங்கிய மூலங்கள் சராசரியாகச் சிறியனவாகவும் தெரிந்தன. அண்டம் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை, காலத்தோடு மாறி வந்திருக்கிறது என்ற பெருவெடிப்புக் கொள்கைக்கு இந்த அளவுகளைச் சான்றாக வைத்து ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975இல் எழுதினார்கள்.

தனித்தனி இழை, ஒரே துணி

நிலவு போகும் தடத்தில் இல்லாத மூலங்களுக்கு வேறு வழி வேண்டும். தள்ளித் தள்ளி நிற்கும் பல கிண்ணங்கள் வாங்கும் அலைகளை இழை இழையாகச் சேர்த்தால், அவை பரவி நிற்கும் தூரம் முழுவதும் ஒரே தொலைநோக்கியாகிவிடும். புனே அருகே கோடாட்டில் ஸ்வரூப் எழுப்பிய பெருந்தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் 25 கிலோமீட்டருக்குப் பரவியிருக்கின்றன. ஒஃபியூக்கஸ் விண்மீன் மண்டலத் தொகுதியின் வெப்ப வாயுவில் வளைந்த ஒரு விளிம்பு இருப்பதைச் சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி முன்பே காட்டியிருந்தது. அதை ஒரு கருந்துளை தோண்டிய குழி என்று சொல்லத் தயக்கம் இருந்தது. அப்படித் தோண்ட அவ்வளவு ஆற்றல் தேவைப்பட்டது. கோடாட் தரவும் ஆஸ்திரேலிய ரேடியோ தரவும் அந்த விளிம்பை ஒட்டியே ரேடியோ ஒளி நிரம்பியிருப்பதைக் காட்டின. குழி உண்மைதான் என்பது 2020இல் உறுதிப்பட்டது.

அதற்கு முந்திய ஆண்டு, 2019 ஏப்ரல் 10 அன்று, கருந்துளையின் முதல் படம் வெளியானது. ஸ்பெயின் முதல் ஹவாய் வரை ஏழு தொலைநோக்கிகள் 2017 ஏப்ரலில் ஒரே வேளையில் எம்87 மண்டலத்தை நோக்கின. அணுக் கடிகாரங்களின் துணையோடு 1.3 மில்லிமீட்டர் அலைகளைப் பதிந்து, வட்டுகளை விமானத்தில் ஏற்றி இரண்டு மையங்களில் சேர்த்துக் கோத்தார்கள். பூமி அளவுக்கு ஒரு தறி! 650 கோடிச் சூரியன்களின் நிறையுள்ள அந்தக் கருந்துளை 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதன் வளையத்தைப் பார்ப்பது, நிலவில் வைத்த ஒரு சாத்துக்குடியை இங்கிருந்து பார்ப்பதற்குச் சமம். படத்தில் கருந்துளை இல்லை, இருக்கவும் முடியாது. ஒளி வளைந்து சுற்றும் கரை மட்டுமே இருக்கிறது. அந்தக் கரை வளையத்தின் விட்டத்திலிருந்துதான் நிறையைக் கணக்கிட்டார்கள்.

2022 மே 12 அன்று இரண்டாவது படம் வந்தது. 27,000 ஒளியாண்டு தூரத்தில், 40 லட்சம் சூரியன்களின் நிறையோடு, நம் பால்வெளியின் நடுவில் இருக்கும் கருந்துளை அது. இருப்பது தனுசு ராசிப் பக்கம். ஜான்ஸ்கிக்கு ஒரு சீறல் கேட்ட அதே திசையில், 89 ஆண்டு கழித்து ஒரு கரை தெரிந்தது.