கொடுங்கோலனைக் கொல்லும் சொல்

கொடுங்கோலனைக் கொல்லுதலையும் கொன்றவனையும் ஒருங்கே குறிக்க ஆங்கிலத்திலே 'டிரனிசைட்' என்றொரு சொல் உண்டு. தமிழிலே அதற்கு நேரான ஒற்றைச் சொல்லைத் தேடித் தோல்வியுற்றோம். கொடுங்கோல் என்பது வளைந்த கோல். அதை முறிப்பதற்கோ தனிச்சொல் அமையவில்லை.

இலத்தீன் வழிவந்த அச்சொல்லின் பின்பாதி கொல்லுதலைக் குறிப்பது. முன்பாதியாகிய 'திரன்னொஸ்' கிரேக்கம் வழங்கியது. கிரேக்கருக்கும் அது ஆசியா மைனரிலிருந்து வந்த இரவற்சொல்லாகலாம் என்பர். தொடக்கத்திலே அதிற் கொடுமைப் பொருள் இல்லை. மரபுரிமையின்றி ஆட்சியைக் கைப்பற்றியவன் என்பதே கருத்து. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஏதென்ஸை ஆண்ட பைசிஸ்திராதஸ் அத்தகையவன். ஏழை உழவருக்கு அவன் கடனுதவி வழங்கினான் என அரிஸ்டோட்டிலின் பெயரால் வழங்கும் நூல் கூறும். இத்தகையோரிடம் ஆதிக்கம் இழந்த உயர்குடியினரும் அச்சொல்லை வசையாக்கியோருள் அடங்குவர் என்பதை மறத்தலாகாது.

அவன் மைந்தன் ஹிப்பார்க்கஸை கி.மு. 514இல் ஹார்மோடியஸ், அரிஸ்டோகைட்டன் என்னும் இருவர் விழாவொன்றிலே கொன்றனர். ஏதென்ஸ் அவர்களை விடுதலை வீரராகப் போற்றிச் சிலை எடுத்தது. கி.மு. 480இல் பாரசீகர் அச்சிலைகளைக் கவர்ந்து செல்லவே, சில ஆண்டுகளுள் புதியன நிறுவப்பட்டன. ஆயின், வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் உண்மையை ஒளிக்கவில்லை. கொலைக்குக் காரணம் சொந்தப் பகை, கொல்லப்பட்டவன் ஆட்சியாளனுமல்லன். ஆண்டவன் அவன் தமையன் ஹிப்பியாஸ். கொலையின் பின் அவனாட்சி முன்னிலும் கடுமையாயிற்று, கி.மு. 510இலே ஸ்பார்ட்டப் படையின் உதவியுடனேயே அவன் துரத்தப்பட்டான். ஈராண்டின் பின் ஸ்பார்ட்ட மன்னன் ஒரு சிலரின் ஆட்சியைத் திணிக்க முயன்றபோது, ஏதென்ஸ் மக்கள் திரண்டெழுந்து அவனை அக்ரோபொலிஸிலே முற்றுகையிட்டு வெளியேற்றினர். மக்களாட்சிக்கு வழி திறந்தது இம்முற்றுகையே என்பது எமது துணிபு. அதை நடத்தியோரின் பெயர்களோ நமக்குக் கிடைத்தில.

மக்களாட்சியைக் கவிழ்த்துக் கொடுங்கோலாட்சி நாட்டுவோனைக் கொல்பவன் குற்றமற்றவன் என ஏதென்ஸ் கி.மு. 336இல் சட்டமும் இயற்றியது. அச்சட்டக்கல் 1952இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. மக்களாட்சியைப் பெண்ணாக உருவகித்து, அவள் மக்களுக்கு முடிசூட்டுவதாக அதிலே செதுக்கியுள்ளனர்.

உரோமிலே கி.மு. 44இல் சீசரைக் கொன்றோரும் விடுதலையின் பெயராலேயே பேசினர். புரூட்டஸ் வெளியிட்ட நாணயத்திலே இரு குறுவாள்களும், விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பியும் பொறிக்கப்பட்டுள்ளன. இதே புரூட்டஸ் சைப்பிரஸ் தீவின் சலாமிஸ் நகரத்தாருக்கு நூற்றுக்கு 48 வட்டியிலே கடன் கொடுத்தவன். அதனை அறவிட அவனுடைய முகவன் குதிரைப்படை கொண்டு நகரவையை முற்றுகையிட்டபோது, உறுப்பினர் ஐவர் பட்டினியால் மாண்டனர் எனச் சிசரோ தம் கடிதத்திலே எழுதியுள்ளார்.