வாடகைக்கோ அல்லவோ: மணப்பாட்டுக் கரையில் சிறுகலங்களும் சட்டமும்

இந்தியப் படகு வகைகளைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் எழுதிய நீண்ட ஆய்வு 1920இல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்தது. நூறாண்டு கடந்தும் அதைத் தொடாமல் இத்துறையில் எவரும் எழுதுவதில்லை. தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்பை மேற்பார்த்தவர், பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநர் ஆனவர் என்பதால், அவர் கண்ணால் கண்டதை மறுக்க எனக்குத் துணிவில்லை. அவர் போட்ட பாகுபாட்டைச் சட்ட வரலாற்றுக்குள் கொண்டுவந்து நிறுத்தும் வழக்கத்தோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை.

ஹார்னெலுக்குக் கலத்தின் வடிவமே முதன்மை. கட்டை பிணைத்தது தெப்பம். மரம் குடைந்தது வள்ளம். பலகை தைத்ததும் அறைந்ததும் படகு. இந்த வேறுபாடுகளிலிருந்து அவர் கரைகளுக்கிடையே உறவு தேடினார்; தென்னிந்தியக் கரையில் பாலினீசியத் தாக்கம் உண்டு என்று வாதிடும் அளவுக்குச் சென்றார். வடிவம் தெரிந்தால் மரபு தெரியும் என்பது அவர் நம்பிக்கை. அதே நம்பிக்கையோடு 1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டத்தைத் திறந்தால், 6ஆம் பிரிவு, முதல் உட்பிரிவு, ‘கே’ கூறில் ஒரு புதிர் எளிதாக அவிழ்வது போலத் தோன்றும். துறைமுக எல்லைக்குள் ஓடும் சிறுகலங்களுக்கு உரிமம் தரவும் அவற்றை ஒழுங்குபடுத்தவும் அரசு விதி செய்யலாம் என்றது அக்கூறு. அங்கே கட்டுமரம் தனியாகவும், சரக்குப் படகு, பயணிப் படகு, பிற படகுகள் எல்லாம் தனியாகவும் நிற்கின்றன. கட்டுமரம் தெப்பம், மற்றவை படகு. ஆகவே பிரித்துவிட்டார்கள் என்று ஹார்னெல் வழியில் சொல்லிவிடலாம்.

அந்த வரியை இன்னும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். கட்டுமரத்துக்கு ‘வாடகைக்கு ஓடும்’ என்ற அடைமொழி உண்டு. படகுகளுக்கோ ‘வாடகைக்கானாலும் அல்லவானாலும்’, ‘வழக்கமாகவோ எப்போதாவதோ’ என்ற இரண்டு தொடர்கள். பிரிவினைக்கு வடிவம்தான் காரணம் என்றால் இந்த ஏற்றத்தாழ்வுக்கு வேலையே இல்லை. படகு காசுக்கு ஓடினாலும் சும்மா ஓடினாலும் அரசின் கைக்குள் வந்தது. கட்டுமரம் காசு வாங்கினால் மட்டுமே வந்தது. அதாவது மீன்பிடிக்கப் போகும் கட்டுமரத்தை இந்தக் கூறு தொடவில்லை.

ஏன்? சான்று மெலிந்த இடம் இது. அதனாலேயே தயங்கிச் சொல்கிறேன். செயற்கைத் துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னைக் கரையில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டன. ஆளையும் சரக்கையும் அலை தாண்டி ஏற்றி இறக்கியவை கயிறு கொண்டு தைத்த மசூலாப் படகுகள். எந்தப் படகும் இறங்கத் தயங்கும் அலையில் கடிதம் கொண்டு போனது கட்டுமரம். ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதம் நனையாமல் போய்ச் சேர்ந்ததைப் பயணிகள் பலர் வியந்து பதிந்திருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் ‘வாடகைக் கட்டுமரம்’ என்று குறித்தது இந்தத் தூதுத் தொழிலைத்தான் என்பது என் ஊகம். 1908 சட்டம் முந்தைய சட்டங்களை ஒன்றுதிரட்டிய தொகுப்பு. எனவே அந்தச் சொல்லாட்சி 1889 சட்டத்திலோ அதற்கும் முன்போ பிறந்திருக்கலாம். ஆண்டை அறுதியிட்டுக் கூற மாட்டேன். கலத்தின் உருவைவிட அது போகும் காரியத்தையே சட்டம் கேட்டது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

மணப்பாடு உள்ளிட்ட முத்துக்குளித்துறைக் கரைக்கு இப்படிக் கேட்பது புதிதும் அல்ல. இங்கே முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், உரிமைகள் படகுக் கணக்கில் அளக்கப்படவில்லை. மூழ்குவோர் பிடித்திறங்கும் கல்லின் கணக்கில் அளக்கப்பட்டன. மதுரை நாயக்கருக்கு 96½ கல் என்று டச்சுக்காலக் கணக்கு சொல்கிறது. அரைக் கல்லைக் கட்டிக்கொண்டு எவரும் கடலில் இறங்க முடியாது. கல் என்பது அங்கே பங்கு; படகு அந்தப் பங்கைச் சுமந்துசெல்லும் ஏதோ ஒரு மரம்.

இனி இன்றைய மணப்பாடு. திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணற்குன்றின் அருகே, கருமேனியாற்றின் கழிமுகத்தில், மணல்திட்டுக்கு உட்புறம் நீர் அசையாமல் கிடக்கும். கயாக்கும், நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகையும் அங்கே இறங்குகின்றன. மேலே உட்காரும் வகைக் கயாக்கைப் புரட்டிப் பார்த்தால் அடிவரை ஊடுருவும் துளைகள் தெரியும். மேலே ஏறிய அலைநீர் அவற்றின் வழியே தானாக வடியும். மொண்டு இறைக்கும் வேலை இல்லை. கட்டுமரத்தில் கட்டைகளின் இடுக்கு செய்யும் வேலையும் இதுவே. ஹார்னெலின் கணக்கில் இவை இரண்டும் நெருங்கிய உறவு. சட்டத்தின் கணக்கில் உறவே இல்லை: கட்டுமரம் ஏறிப் போகிறவர் மீன் கொண்டு வருகிறார், பலகை ஏறிப் போகிறவர் வெறுங்கையோடு மகிழ்ந்து திரும்புகிறார்.

அந்த மகிழ்ச்சிப் பயணத்துக்குச் சட்டத்தில் இடம் எது? 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் பாய்மரக் கலத்துக்கு இலக்கணம் சொன்னபோது துடுப்புப் படகையும் ஓடத்தையும் உள்ளே சேர்த்துக்கொண்டு, உல்லாசக் கலத்தைப் பெயர் சொல்லி வெளியே நிறுத்தியது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் நோக்கம் மீன்பிடிப்பு. 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் உள்நாட்டு நீருக்கு உரியது. மணல்திட்டு உடைந்த நாளில் நூறு துடுப்பு வலித்தால் கயாக் கடலுக்குள் போய்விடும். இவற்றை அடுக்கி வைத்து, உல்லாசப் படகுக்குச் சட்டமே இல்லை என்று முடிப்பவர்கள் உண்டு.

அதை நான் ஏற்கவில்லை. தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் கீழுள்ள சிறு துறைமுகங்களின் பட்டியலில் மணப்பாடும் இருக்கிறது. 1908 சட்டத்தின்படி, அந்தத் துறைமுக எல்லைக்குள், வாடகைக்கானாலும் அல்லவானாலும், எப்போதாவது ஓடினாலும், ‘பிற படகு’ என்ற சொல்லுக்குள் கயாக்கும் அடங்கியது. சுற்றுலாவினரை ஏற்றிக்கொண்ட பைபர் படகும் அடங்கியது. எத்தனை பேர் ஏறலாம் என்று வரையறுக்கும் அதிகாரமும் அதே ‘கே’ கூறில் இருந்தது. பலகை மட்டும் எனக்குப் பிடிபடவில்லை; அதைப் படகு என்பதா, கட்டுமரத்தின் இனம் என்பதா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

2011 டிசம்பர் 25இல் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2014 பிப்ரவரியில் மணப்பாட்டுக் கடலிலேயே, சுற்றிப் பார்க்க ஏறியவர்களோடு ஒரு படகு கவிழ்ந்தது. அதில் போன உயிர்களை நினைக்காமல் இந்தக் கூறை என்னால் படிக்க இயலவில்லை. அன்று ‘கே’ கூறு அக்கரைக்குச் செல்லுபடியானதா என்பது, மணப்பாடு துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நாளையும் எல்லைக்கோட்டையும் வைத்தே முடிவாக வேண்டியது. அதற்கு முன்னால் எவர்மீதும் பழி போட எனக்கு மனமில்லை.

2025இல் நாடாளுமன்றம் துறைமுகச் சட்டம், வணிகக் கப்பல் சட்டம் இரண்டையும் புதிதாக நிறைவேற்றிவிட்டது. அவற்றின்கீழ் சிறுகலங்களுக்கு விதி எழுதப்போகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: கலத்தின் நீளத்தையும் இயந்திரத்தின் திறனையும் கேட்பதற்கு முன், ஏறியிருப்பவருக்கு அந்தக் கடல் தெரியுமா என்று கேளுங்கள். ‘வாடகைக்கானாலும் அல்லவானாலும்’ என்ற தொடரையும் விட்டுவிடாதீர்கள்.